அலமு பால்வாடிக்குப் போனது

அலமுவுக்கு நாலு வயதாகியும் காது கேட்கவில்லை, பேச்சு வரவில்லை. அறுபத்தொன்பதில் பிள்ளையார்பாளையத்தில் பால்வாடி திறந்தபோது, தெருவின் சின்னஞ்சிறுசுகள் எல்லாம் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடின. அலமு வாசலில் நின்று பார்த்தாள். ஒருநாள் லில்லி டீச்சரே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"இவள ஏம்மா அனுப்பல?"

"காது கேக்காது டீச்சர். அங்க வந்து இன்னா பண்ணப் போறா?" என்றாள் தாய் கிருஷ்ணம்மாள்.

"மத்த பசங்க பண்றதப் பண்ணுவா. அனுப்புங்க."

அனுப்பினாள். பாட்டு நேரத்தில் மற்றவர்கள் கையை ஆட்டினால் அலமுவும் ஆட்டினாள். எதிர்வீட்டுக் கமலவேணியின் மகள் லோகு அவளோடு ஒட்டிக்கொண்டாள். 'வா', 'தண்ணி', 'போதும்' என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டும் தாங்களாகவே ஒரு சைகை வைத்துக்கொண்டன. மற்ற பிள்ளைகளும் அதைப் பிடித்துக்கொண்டன. ராட்டையில் பட்டு சுற்றியபடி கிருஷ்ணம்மாள் தெருவில் அவர்கள் ஆடுவதைப் பார்ப்பாள். இழை அறுந்தது கூடத் தெரியாது.

அதுவே வினையாயிற்று. லோகு வீட்டிலும் வாயைத் திறக்காமல் கையைக் காட்டிச் சோறு கேட்டாள்.

"எம் பொண்ணும் ஊமையாயிடும் போலருக்குதே!" என்று கமலவேணி கத்தித் தெருசனத்தைக் கூட்டினாள். நாலைந்து வீட்டார் பிள்ளைகளை நிறுத்தினார்கள். லில்லி டீச்சர் வீடுவீடாகப் போய்க் கெஞ்சினாள். அலமு வருகிறவரை அனுப்பமாட்டோம் என்றார்கள், யாரும் மசியவில்லை. பிள்ளைகள் குறைந்தால் பால்வாடியையே மூடிவிடுவோம் என்றார்கள் அதை நடத்தியவர்கள்.

டீச்சர் வாசலில் வந்து நின்ற விதத்திலேயே கிருஷ்ணம்மாளுக்கு விளங்கிவிட்டது. "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் டீச்சர்," என்றாள். டீச்சர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை அலமு தட்டோடு கிளம்பினாள். கிருஷ்ணம்மாள் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஏன் என்று எப்படிச் சொல்வது? லோகுவுக்குத் தெரிந்த சைகை கூடப் பெற்றவளுக்குத் தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

அலமு யோசித்தாள். கை அழுக்காக வந்தால் பால்வாடியில் கழுவிவரத் திருப்பி அனுப்புவார்கள். அவள் கிணற்றடிக்கு ஓடிப்போய்க் கழுவிக்கொண்டு, சொட்டச் சொட்ட வந்து உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள்.

"சுத்தமாத்தான் இருக்குது கண்ணு..."

அது யாருக்குக் கேட்டது? அலமு மறுபடி ஓடினாள். இந்தமுறை மண்ணைப் போட்டுத் தேய்த்தாள். கை சிவந்துகிடந்தது. தறியில் இருந்த தகப்பன் வேணுகோபால் எழுந்து வந்து, மகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போனான்.

பல நாள் காலையில் இப்படியே நடந்தது. அப்புறம் நின்றுபோயிற்று. சாயங்காலங்களில் லோகு வந்து 'வா' என்று காட்டுவாள். அலமு கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

ஆனியில் லோகுவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். கமலவேணி வீடுவீடாகச் சர்க்கரை கொடுத்தாள். இந்த வீட்டுக்கும் வந்து நீட்டினாள். கிருஷ்ணம்மாள் வாங்கிக்கொண்டாள்.