கம்பம் கோணல்

ஆய்வகத் தலைவர் கையெழுத்துக் கேட்டு ஒரு காகிதத்தை மேசையில் தள்ளியபோது கணக்கு அக்கா நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். ஆய்வகத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நிலம் வருஷத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று கணக்குப் போடுவது அவள் வேலை.

ஒரு கண்டம் பிளந்துகொண்டிருந்தது. வடக்கிலிருந்து ஒரு விரிசல், தெற்கிலிருந்து ஒரு விரிசல். அக்கம்பக்கத்தில் நாற்பது கம்பங்கள், உச்சியில் அளவுக் கருவிகள். எல்லாம் கம்பக்காரர் நட்டவை. அதில் மூன்று மட்டும் கிழக்குப் பாதியோடும் நகராமல் மேற்குப் பாதியோடும் நகராமல் அடம்பிடித்தன. ஒத்துவராத அளவை நீக்கிவிடுவது அங்கே வழக்கம். ஆறு வருஷமாக, வருஷத்துக்கு ஒரு தாளில், அவள் சிவப்பு மையில் ‘கம்பம் கோணல்’ என்று எழுதி, சுருக்கொப்பம் போட்டு நீக்கினாள். ஆறு வருஷமும் கம்பக்காரர் திட்டு வாங்கினார். இன்றோடு அவர் வேலையும் போகிறது.

போன வாரம் ஏதோ உறுத்த, நீக்கிய மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். மூன்றும் ஒரே மையத்தைச் சுற்றின. விரிசல்கள் நேருக்கு நேர் முட்டாமல் ஒன்றையொன்று தாண்டிப் போயிருந்தன. நடுவில் மாட்டிய நிலம், எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்த காகிதம் போலத் திரும்பிக்கொண்டிருந்தது. அது ஒரு தனி நிலத்தட்டு. சின்னதுதான்.

“எனக்கு அப்பவே சந்தேகம்தாம்மா,” என்றார் தலைவர், பல்லைக் குத்தியபடி. த்தூ! ‘குடிகாரன் நட்ட கம்பம்’ என்று நேற்றுவரை சொன்ன அதே வாய். “கட்டுரையில உன் பேருதான் முதல்ல. ஆனா ஆறு வருஷம் தூக்கிப் போட்டோம்னு எழுதினா மானம் போயிடும். கம்பம் கோணலா இருந்துச்சு, இப்பதான் சரிபண்ணோம்னு கையெழுத்துப் போடு. அந்தாளு எப்படியும் போறவன்தானே.”

அவரைவிட அவளுக்கு அருவருப்பாக இருந்தது தன் கைதான். ‘முதல்ல’ என்றதும் அது பேனாவைத் தேடியது.

கருவிப் பெட்டிகளின் சாவியை ஒப்படைக்கக் கம்பக்காரர் வந்தார். அதை மேசையில் வைத்துவிட்டு, சுவரிலிருந்த வரைபடத்தை உற்றுப் பார்த்தார்.

“அந்த மூணும் நான் நட்டதுதானேக்கா?”

“ஆமாண்ணே. கம்பம் நேராத்தான் இருக்கு. நிலம்தான் திரும்புது.”

“ஒவ்வொரு வருஷமும் ரசமட்டம் வச்சுப் பார்ப்பேன். நேராத்தான் தெரியும். என் கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு ரெண்டு தடவை கண்ணாடி மாத்தினேன்க்கா. கோணல்னு யாரு எழுதினது?”

தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

“நான்தான்,” என்று அவள் ஆறு தாள்களையும் நீட்டினாள். “வாங்கண்ணே, மேலிடத்துல காட்டலாம். நானும் வர்றேன்.”

அவர் ஒவ்வொரு சுருக்கொப்பமாகப் பார்த்தார். தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சாவியையும் திரும்ப எடுத்துக்கொண்டார்.

“நீங்க வர வேணாம், மேடம்,” என்றார். அவர் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.