வெல்பர்ன் சைக்கிளின் நூற்றாண்டு மலர்

2003-ல் வெல்பர்ன் சைக்கிளுக்கு நூறு வயதானது. இங்கிலாந்தில் தொடங்கிய கம்பெனி. அங்கே ஆலையை மூடிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. பெயரை மட்டும் வேறு யாரோ விலைக்கு வாங்கி, வேறெங்கோ செய்த சைக்கிள்களில் ஒட்டி விற்றார்கள். நூற்றாண்டு மலர் போடுவதற்காகப் பழைய வெல்பர்ன் வைத்திருப்பவர்களைத் தேடினார்கள். கம்பத்து டீலர் வைகுண்டராஜ், காமயகவுண்டன்பட்டி சந்தனம்மாளைக் காட்டிவிட்டான்.

சந்தனம்மாள் ஓய்வு பெற்ற கிராம நர்ஸ். 1968-ல் சொந்தச் சம்பளத்தில் வாங்கிய அந்தச் சைக்கிளில்தான் முப்பது வருடம் ஊர் ஊராகப் போய்ப் பிரசவம் பார்த்தார். பேட்டி எடுக்க வந்த கம்பெனிக்காரரிடம் எதையும் மறைக்கவில்லை.

"பொம்பள சைக்கிள் ஓட்டுறதான்னு எம்புருசன் ரெண்டு தடவ டயரக் கிழிச்சாரு. மூணாந் தடவ என் கைய முறிச்சாரு. எழுதிக்கங்க தம்பி."

அவரும் எழுதிக்கொண்டார்.

கம்பத்துக் கல்யாண மண்டபத்தில் விழா. சந்தனம்மாளை மேடையில் உட்கார வைத்தார்கள். வைகுண்டராஜ் மலரை விரித்து மைக்கில் வாசித்தான்: "அன்புக் கணவர் ஆசையோடு வாங்கித் தந்த பரிசு..."

கூட்டம் கைதட்டியது. சந்தனம்மாள் அவன் பக்கம் திரும்பினார்.

"ஏலே வைகுண்டராஜு, யாரு சொன்னா இத?"

அவன் மைக்கை மூடிக்கொண்டு குனிந்தான். "கம்பெனியில எழுதுனாக நர்ஸம்மா. கைய முறிச்சத போட்டா சைக்கிள் விக்குமா? நல்லாத்தான இருக்கு?"

"உன்ன உங்காத்தா வயித்துலருந்து எடுத்தப்ப, கட்டுப்போட்ட கையோட நின்னேன்டா நானு. அவளக் கேட்டுப் பாரு."

சந்தனம்மாள் மைக்கைப் பிடுங்கினார். "இதுல இருக்கது பொய்யி. எம்புருசன்..." அதற்குள் மைக்கை அணைத்துப் பாட்டைப் போட்டுவிட்டார்கள். சிரித்த முகத்தோடு இரண்டு பேர் வந்து அவர் தோளில் சால்வையைப் போர்த்தினார்கள். செத்த எலி மேலே விழுந்ததுபோல் அதை உதறிவிட்டு இறங்கினார். பரிசாகக் கொடுத்த புதுச் சைக்கிளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் டவுன் பஸ் ஏறினார்.

நடந்தது முழுவதையும் நாலு பக்கம் எழுதிக் கம்பெனிக்கு அனுப்பினார். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. 'தங்கள் அன்பான வாழ்த்துக்கு நன்றி' என்று ஒரே வரி. கூடவே ஒரு காலண்டர். அதிலும் அவர் படம். அடியில் கொட்டை எழுத்தில் 'கணவரின் பரிசு'.

காலண்டரை விரல் நுனியால் தூக்கிக் கொண்டுபோய் எருக்குழியில் போட்டார். சோப்புப் போட்டுக் கை கழுவினார். அதன் பிறகு தன் பழைய சைக்கிளுக்கு ஒரு டியூப் மாற்றக்கூட வைகுண்டராஜ் கடைக்குப் போகவில்லை. அதைவிடத் தூரமான உத்தமபாளையம் போய் மாற்றிக்கொண்டு வந்தார்.