பதினொன்றாம் வாரத்துச் சீட்டு

மாவட்டக் கல்வி அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து எனக்கு ஐந்து மாதம் ஆகிறது. மாலையில் கல்வி நிர்வாகப் பட்டய வகுப்புக்குப் போகிறேன். வேலை பார்க்கும் இடத்தில் நடப்பதைத் தினமும் வரிசையாக எழுதி வைக்கும்படி அங்கே எங்கள் ஆசிரியர் சொல்லியிருக்கிறார். இந்த வாரத்தையும் அப்படியே எழுதப் பார்க்கிறேன். வரிசை என்கிற இடத்தில்தான் எனக்குச் சிக்கலே.

செவ்வாய்க்கிழமை மாடிக் கூடத்தில் மூன்று நாள் பயிற்சி தொடங்கியது. வந்தவர்கள் ஏழு மண்டல அதிகாரிகள். பள்ளிகளை மேற்பார்க்கிறவர்கள், பாடம் நடத்திப் பல வருஷம் ஆனவர்கள். நாலாம் வகுப்புக்கு அடுத்த ஆண்டுப் பாடத்திட்டத்தை எல்லோரும் கூடி உட்கார்ந்து வகுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றுக்கொண்டே வகுத்தும் முடித்துவிட வேண்டும். வெளியூரிலிருந்து வந்த பயிற்றுநர், சுவரின் நீளத்துக்கு ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, முப்பத்து நான்கு வாரத்துக்கும் கட்டம் போட்டார். மொழிக்கு மஞ்சள் சீட்டு, அறிவியலுக்கு இளஞ்சிவப்பு, கணக்குக்கு நீலம். ஒரு பாடத்துக்கு ஒரு சீட்டு. பேசிப் பேசி இடம் மாற்றி ஒட்ட வேண்டும். அவர் அடிக்கடி கேட்டது ஒரே கேள்வி.

"சுவர் என்ன சொல்லுது?"

"ஆனாலும், சுண்ணாம்பு அடிச்சு ஆறு வருஷம் ஆச்சுன்னு சொல்லுது" என்றார் ஒரு மண்டல அதிகாரி. இவருக்கு அலுவலகத்தில் 'ஆனாலும் சார்' என்று பெயர். யார் என்ன சொன்னாலும் "ஆனாலும்" என்றுதான் ஆரம்பிப்பார்.

என் வேலை, நடந்ததைக் குறித்துக்கொண்டு, கடைசியில் சுவரில் இருப்பதைத் தட்டச்சு செய்வது. வெள்ளி மாலை நான்கு மணிக்கு அது இருநூற்றுப் பன்னிரண்டு பள்ளிகளுக்குப் போகும். போய்விட்டால் ஒரு வருஷத்துக்கு அதுதான் சட்டம். சோதனைக்கு வருகிறவர், அந்த வாரத்துப் பாடம் கரும்பலகையில் இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லாவிட்டால் மெமோ.

என் அக்கா நாலாம் வகுப்பு ஆசிரியை. போன வருஷம் இரண்டு வாரம் பின்தங்கி ஒரு மெமோ வாங்கியிருக்கிறாள். இன்னொன்று வாங்கினால் மாற்றல், அதுவும் பஸ்ஸில் மூன்று மணி நேரம் போகிற இடத்துக்கு. நான் தங்கியிருப்பது அக்கா வீட்டில்தான். செவ்வாய் மாலை அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"வகுத்தல் எந்த வாரம் வைக்கிறாங்கடி? சீக்கிரமா வைக்கச் சொல்லேன். எனக்கு வரப்போற பசங்களுக்குக் கழித்தலே தகராறு. வகுத்தல் வராம பின்னத்துல கொண்டுபோய் நிறுத்தினா, நான் அங்கேயே மாட்டிப்பேன்."

"நான் டைப் பண்றவக்கா."

"டைப் பண்றவதான் கடைசியா பார்க்கிறா."

"உங்க அக்கா தங்கை சதியில என்னைச் சேர்க்காதீங்க" என்றார் மாமா, காய்கறி நறுக்கியபடி.

புதன்கிழமை பாதி நாள் நீலச் சீட்டிலேயே போனது. வகுத்தல், பின்னம் இரண்டும் மும்மூன்று வாரப் பாடங்கள். ஒன்று பதினொன்றாம் வாரத்திலும் மற்றது பதினெட்டாம் வாரத்திலும் தொடங்க வேண்டும். எது முதலில் என்பதுதான் சண்டை. இரண்டு சீட்டும் எத்தனை முறை இடம் மாறின என்று எண்ணினேன். பதினேழு. ஐந்தரை மணிக்கு எனக்கு வகுப்புக்கு பஸ். ஐந்து இருபதுக்கு எல்லோரும் கை தட்டினார்கள். போட்டோ எடுத்துப் பார்த்தேன். குழல்விளக்கு வெளிச்சத்தில் தாள் பளபளத்து எழுத்தே தெரியவில்லை. நோட்டில் 'காலை 8.10, வெயிலில் போட்டோ' என்று எழுதிக் கீழே கோடு போட்டுவிட்டுக் கிளம்பினேன். கோடு போட்டது நன்றாக நினைவிருக்கிறது.

வியாழன் காலை எட்டு பத்துக்குக் கூடத்தைத் திறந்தால், மஞ்சளும் இளஞ்சிவப்பும் சுவரில் இருந்தன. நீலம் முழுக்கத் தரையில் கிடந்தது. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"தரை துடைச்சேன்மா. காயட்டும்னு போட்டேன்" என்றார் கூடம் பெருக்குகிற அம்மா. "காகிதம் பறக்கும்னு நினைக்கல. மத்த கலரெல்லாம் நல்லாத்தானே ஒட்டிட்டு இருக்கு?"

அவர் சொன்னது சரி. எடுத்து எடுத்து ஒட்டியதில் நீலச் சீட்டுகளில்தான் பசை போயிருந்தது.

பதினான்கு சீட்டு. நோட்டைத் திறந்து ஒவ்வொன்றாக, இந்தத் தடவை பசை தடவி ஒட்டினேன். பன்னிரண்டுக்குச் சந்தேகமே இல்லை. மீதி இரண்டுக்கும் என் நோட்டில் இருந்தது இவ்வளவுதான்: 'பின்னம் முதலில். இல்லை, வகுத்தல். இல்லை, பழையபடியே. சரி.'

பழையபடி என்றால் எந்தப் பழையபடி? காலையில் இருந்ததா, அதற்கு முந்தியதா? கண்ணை மூடிப் பார்த்தேன். வகுத்தல் முதலில் இருந்தது போலத் தோன்றியது. உடனே, அக்கா கேட்டதால்தான் எனக்கு அப்படித் தோன்றுகிறது என்றும் தோன்றியது. அக்காவுக்காக ஒரு மாவட்டத்தையே திருப்பிவிட்டேன் என்றாகக் கூடாது. பின்னத்தைப் பதினொன்றாம் வாரத்தில் ஒட்டினேன். ஒட்டிவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கியதும், வீம்புக்கு ஒட்டிவிட்டேனோ என்று இருந்தது. அதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

வந்ததும் சொல்லிவிடுவது என்றுதான் நின்றேன். ஆனால் பயிற்றுநர் முந்திக்கொண்டார்.

"நேத்து நாம எடுத்த முடிவுக்கு இன்னைக்குக் காரணம் சொல்லணும். பின்னம் ஏன் முதல்ல? சுவர் என்ன சொல்லுது?"

ஒருவர் கூட "அப்படியா இருந்தது?" என்று கேட்கவில்லை. கிழக்கு மண்டல மேடம் எழுந்து, பாதி, கால் என்பதெல்லாம் குழந்தை வீட்டிலேயே பார்த்தது, அதனால் அதுதான் இயல்பான தொடக்கம் என்றார். இன்னொருவர் அதற்குப் படம் வரைந்தார். ஆனாலும் சார், "ஆனாலும், இதை நான் முதல்லயே சொன்னேன்" என்றார். நேற்று அவர்தான் வகுத்தலுக்காக மேசையைத் தட்டினார் என்று என் நோட்டில் இருக்கிறது. அல்லது தட்டியது பின்னத்துக்கா? 'மேசை தட்டினார்' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

இவ்வளவு பேர் இவ்வளவு காரணம் சொல்லும்போது, நான் ஒட்டியதுதான் சரியோ? சரி என்றால் வாயைத் திறப்பது அசட்டுத்தனம். தப்பு என்றால், மின்விசிறி செய்த முடிவுக்கு ஏழு அதிகாரிகள் காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு முன்பே கருத்துப் படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஏழிலும் 'மிகவும் பயனுள்ளது'.

மாலை வகுப்பில், யாரோ கேட்டது போல, ஆசிரியரிடம் கேட்டேன். "பின்னமா, வகுத்தலா, எது முதலில் சார்?"

"அது அந்தந்த மாவட்டத்தைப் பொறுத்தது" என்றார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"பின்னத்தை முன்னாடி போட்டுட்டாங்களா? போச்சு. மாமா, பெட்டியை இறக்கி வைங்க."

"எந்தப் பெட்டி?"

"மாற்றல் வந்தா கையை வீசிட்டா போவேன்?"

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று என்னிடம் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு என்னவோ செய்தது.

வெள்ளி மதியம் இரண்டு மணிக்குத் தட்டச்சு முடிந்தது. கையெழுத்துக்காகப் பெரிய மேடத்தின் அறைக்குப் போனேன். மாவட்டக் கல்வி அதிகாரியை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். பயிற்சியின் முதல் இரண்டு நாளும் அவரும் கூடத்தில் இருந்தார். அவர் பேனாவைத் திறந்தார்.

"மேடம், இது நீங்க எல்லாரும் போட்ட வரிசையான்னு எனக்குத் தெரியல" என்றேன். பிறகு மின்விசிறி, பசை, நோட்டு, அக்கா எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவை விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை.

அவர் பேனாவை மூடினார். "அக்கா கேட்டதுக்கு நேர்மாறா ஒட்டின. அது ஏன்?"

"நியாயமா இருக்கணும்னு."

"நியாயமா இருந்ததா?"

"தெரியல மேடம்."

திட்டுவார் என்று நின்றேன். அவர் கீழே கூட்டத்தில் இருந்த ஏழு பேரையும் மேலே கூப்பிட்டார். பயிற்றுநரைத் தொலைபேசியில் பிடித்தார். புதன் மாலை அவர் எடுத்த போட்டோ ஒன்று வந்தது. எல்லோரும் சுவருக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். பதினொன்றாம் வாரம் இருக்க வேண்டிய இடத்தில் ஆனாலும் சாரின் தலை இருக்கிறது. பதினெட்டாம் வாரத்தில் கிழக்கு மேடத்தின் கொண்டை.

"கொஞ்சம் குனிஞ்சிருக்கக் கூடாதா சார்?" என்றார் கிழக்கு மேடம்.

"ஆனாலும், உங்க கொண்டையும் சும்மா இல்ல."

பெரிய மேடம் சிரிக்கவில்லை. ஆளுக்கு ஒரு நீலச் சீட்டைக் கொடுத்தார். "புதன்கிழமை என்ன முடிவு பண்ணோம்? பக்கத்துல பார்க்காம எழுதுங்க."

பரீட்சை எழுதுகிற மாதிரி கையை மறைத்துக்கொண்டு எழுதினார்கள். நான்தான் வாங்கிப் படித்தேன். மூன்றில் பின்னம், மூன்றில் வகுத்தல், ஒன்றில் 'நினைவில்லை'. வியாழனன்று படம் வரைந்து விளக்கியவர், வகுத்தல் என்று எழுதியிருந்தார். பெரிய மேடமும் ஒரு சீட்டு எழுதினார். அதை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார், யாருக்கும் காட்டவில்லை.

எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மணி மூன்று இருபது.

"மறுபடி பேசி முடிவு பண்ணலாமே" என்றார் ஒருவர்.

"ரெண்டு நாள் பேசினோம். பேசினது என்னன்னே நமக்குத் தெரியல" என்றார் பெரிய மேடம். "ரெண்டு சீட்டையும் எடும்மா. அந்த ஆறு வாரத்தைக் காலியா விட்டு அனுப்பு. கீழே ஒரு வரி போடு. வகுத்தல், பின்னம் ரெண்டும் இந்த வாரங்கள்ல முடியணும். எது முதல்லங்கிறது வகுப்பாசிரியர் விருப்பம்."

"சோதனைக்குப் போறப்ப நாங்க எதை வெச்சுப் பார்க்கிறது?" என்றார் ஆனாலும் சார். அவர் "ஆனாலும்" போடாமல் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"பிள்ளைங்களுக்கு வருதான்னு பாருங்க."

"அதை எப்படி சார் பார்க்கிறது?" என்று இன்னொருவர் ஆனாலும் சார் காதில் கேட்டது எனக்கும் கேட்டது. அவர் தோளைக் குலுக்கினார்.

மூன்று ஐம்பத்தைந்துக்கு அனுப்பினேன்.

திங்கள் காலையிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. எல்லாப் பள்ளிக்கும் ஒரே சந்தேகம். தட்டச்சில் விட்டுப்போயிற்றா? இல்லை, வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறது என்றேன். அப்படியானால் எதை முதலில் நடத்துவது? உங்கள் விருப்பம் என்றேன். "அது சரி, ஆனா எதை?" என்றார்கள். நாற்பத்தொன்று வரை எண்ணினேன்.

நாற்பத்திரண்டாவதாக அக்கா.

"ஏன்டி, காலியா இருக்கிறதுக்கு மெமோ குடுக்க முடியாதுல்ல?"

"முடியாதுன்னுதான் நினைக்கிறேன். பெரிய மேடம் கையெழுத்து போட்டிருக்காங்க."

"மாமாகிட்ட பெட்டியை மேலே ஏத்தச் சொல்லிடறேன்." குரல் இறங்கி இளகியிருந்தது. "சரி, நான் வகுத்தல்லயே ஆரம்பிச்சுடறேன்."

வைத்துவிட்டாள். நாற்பத்து மூன்றாவது அழைப்பும் அவள்தான்.

"இல்லடி, ஒரு சந்தேகம். பாதி, கால்னா அதுங்களுக்கு வீட்டிலேயே தெரியும்ல? பின்னத்தை முதல்ல வெச்சா என்ன? நீ என்ன சொல்ற?"

நோட்டைத் திறந்தேன். 'பின்னம் முதலில். இல்லை, வகுத்தல். இல்லை.'

"இருக்கா" என்றேன். "பார்த்துச் சொல்றேன்."