திரைந்த பால்

இரண்டு நாளாகவே ராசமலரின் வலது தோள் கழன்று விழுமாப்போல் வலித்தது. பன்றி வெட்டும் தொழிற்சாலையில் வருசக்கணக்காய்க் கத்தி பிடித்த தோள். அந்த வலியோடுதான் முதல்நாள் பின்னேரம் பித்தளைப் பானையைப் பழப்புளி போட்டு மினுக்கினாள். கை சோர்ந்ததில் ஒழுங்காக அலசாமலே கவிழ்த்துவிட்டாள்.

அதன் பலன் இப்போது புது வீட்டு அடுப்பில் தெரிந்தது. சாமிப் படத்துக்கு முன்னால், எல்லாரும் பார்த்திருக்க, பொங்கி வழியவேண்டிய பால் கட்டி கட்டியாய்த் திரைந்தது.

"பால் காய்ச்சுற அண்டைக்கே திரைஞ்சு போச்சு," என்றாள் கணவனின் தமக்கை, பெரிய மச்சாள். "கொண்டுபோய் வெளியில ஊத்து. இனி என்னெண்டு இந்த வீட்டில இருக்கப்போறியள்?"

கணவன் ஆனந்தராஜா அடுப்பைத் தணித்தார். டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் ஊரில் சொந்தமாய் ஒரு வீடு வேண்டுமென்றுதான் ராசமலர் தோள் தேய உழைத்தாள். பானையைத் தூக்கப் போனாள்.

"நில்!" என்று டெனிஷில் கத்தினாள் லூசியா. தொழிற்சாலை வெட்டுமேசையில் அவள் பக்கத்தில் நிற்கிற மெக்சிக்கோக்காரி. புது வீட்டுக்கென்று பூச்சட்டியில் ஒரு பச்சிலைச் செடியோடு வந்திருந்தாள். பூசைத் தட்டத்தில் கிடந்த தேசிக்காயை எடுத்து அறுத்து, பாலுக்குள் பிழிந்தாள்.

"இவளுக்கு விசரோ! கெட்டதை இன்னும் கெடுக்கிறாள்!" மச்சாள் தலையில் கை வைத்தாள்.

பாலிலிருந்து பிரிந்த தண்ணீர் இளம்பச்சையாய்த் தெளிந்தது. அதற்குள்ளிருந்து வெள்ளைவெளேரென்று ஒன்று திரண்டு மேலே வந்தது. ராசமலர் குனிந்து பார்த்தாள். லூசியா அதைத் துணியில் வடித்துப் பிழிந்தாள். பச்சைமிளகாயைத் தாச்சியில் கருக வாட்டினாள். ஆனந்தராஜா இருமிக்கொண்டே யன்னலைத் திறந்தார். மிளகாயை உப்போடு இடித்து, வெங்காயம் வதக்கி, தான் கொண்டுவந்த செடியில் எபசோத்தே என்கிற மெக்சிக்கோ வாசனை இலையைக் கிள்ளி அரிந்து போட்டு, வெண்கட்டியை உதிர்த்துப் பிசைந்தாள். ஓமத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் நடுவில் ஒரு மணம் வீட்டை நிறைத்தது.

சுடச்சுட, விருந்துக்குச் சுட்டிருந்த ஒரு வடையின்மேல் அள்ளி வைத்து, முதலில் மச்சாளிடமே நீட்டினாள். மச்சாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கடித்தாள். மென்றாள். கண் கலங்கியது.

"உறைக்குது," என்றாள். "இன்னொண்டு வை."

"வெளியில ஊத்தேல்லையோ அக்கா?" என்றார் ஆனந்தராஜா.

"பொத்தடா வாயை! பால் வீட்டுக்குள்ளதானே நிக்குது. வெளியில போகேல்லை, பார்!"

ராசமலர் தன் பங்கை வாயில் வைத்தாள். புளிப்பு, கருகிய காரம், அடியில் பாலின் இனிப்பு. தொழிற்சாலையில் நிலத்தில் விழுந்த இறைச்சியெல்லாம் கழிவுத்தொட்டிக்குத்தான். கெட்டது திரும்பி வந்ததை அவள் கண்டதே இல்லை.

"இதென்னடி மாயம்?" என்று லூசியாவிடம் டெனிஷில் கேட்டாள்.

"மாயமில்லை. எங்கட வீட்டில இதுக்காகவே பாலைத் திரைய வைப்பம்," என்று சிரித்தாள் லூசியா.

அடுத்த மாதம் லூசியா எஸ்பியர்க் நகருக்கு வீடு மாறினாள். "நான் வந்து பால் காய்ச்சித் தாறன்," என்று ராசமலர் வாக்குக் கொடுத்திருந்தாள். வேலை, தோள், கார் பழுது. இன்னும் போகவில்லை. லூசியாவுக்கு அவள் ஒரு பானைப் பால் கடன்பட்டிருக்கிறாள்.