மூன்றாவது டிரம்மில் புளி

நன்றாகக் கழுவி வைத்தால், சுட்டுத் தீர்ந்த தோட்டாவுக்கு அதன் குண்டு திரும்பி வந்துவிடும். அதனால் ஆயுதப்படையில் புதுத் தோட்டா வாங்குவதை நிறுத்திவிட்டு, மூட்டை மூட்டையாகக் கிடந்த காலித் தோட்டாக்களைத் தண்ணீர் விட்டுச் சுழற்றிக் கழுவ ஒரு டிரம் வாங்கச் சொல்லி உத்தரவு வந்தது. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஆயுதக் கிடங்கு ஏட்டு சவரிராயன் தலையில் விழுந்தது. அழுக்கைச் சுத்தமாகப் போக்கும் டிரம்மைக் கை காட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. சவரிராயனுக்கோ மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

அவருடைய இடது தோளில் ஒரு குண்டு இருந்தது. பதினேழு வருடத்துக்கு முன் கான்ஸ்டபிள் பெருமாள்சாமி துப்பாக்கி துடைக்கும்போது கை தவறி வெடித்தது. மழைக்காலத்தில் குடையும் என்பதைத் தவிர அதனால் பெரிய தொந்தரவில்லை. அன்றிலிருந்து தினமும் பன்னிரண்டரைக்குப் பெருமாள்சாமி தூக்குவாளியில் சாப்பாட்டோடு வந்துவிடுவார். இருவரும் சாப்பிட்டுக்கொண்டே ஊர்வம்பு பேசுவார்கள். சவரிராயனுக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. கூடப் பிறந்தவர்களும் எட்டிப் பார்ப்பதில்லை. அந்த ஒரு மணி நேரத்தை வைத்துத்தான் மிச்சப் பொழுதை ஓட்டிக்கொண்டிருந்தார். குண்டு போய்விட்டால் பெருமாள்சாமிக்கு இங்கே என்ன வேலை? அந்தத் தோட்டாவை மட்டும் ஒளித்துவைக்கலாம் என்றால், அது எந்த மூட்டையில் கிடக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

கோயம்புத்தூரிலிருந்து கிரைண்டர் விற்கும் சென்னியப்பன் மூன்று டிரம்களை இறக்கினார். முதல் டிரம்மில் தண்ணீரும் சோப்பும் மட்டும். இரண்டு கைப்பிடித் தோட்டாக்களைப் போட்டுச் சுற்றியதும் குண்டுகள் கிடங்கு வாசல்வரை வந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய்விட்டன.

"இதுவே நல்லாருக்கு" என்றார் சவரிராயன்.

"அழுக்கே போகலீங்களே, ஏட்டய்யா."

இரண்டாவது டிரம்மில் ஸ்டீல் ஊசிகளும் எலுமிச்சை உப்பும். பதினோரு குண்டுகள் வந்து அடைந்தன. ஒன்றில் இளநீர் சொட்டியது. மைதானத்துத் தென்னையில் ஒரு காயின் ஓட்டை மூடிக்கொண்டதாகக் காவலுக்கு நின்றவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். சவரிராயன் தோளைத் தடவிப் பார்த்தார். குண்டு இருந்தது. எதை வேண்டாம் என்பது, என்ன காரணம் சொல்லி வேண்டாம் என்பது என்று அவருக்கு ஒன்றும் ஓடவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பெருமாள்சாமி வந்துவிட்டார். தூக்குவாளியை ஓரமாக வைத்தார். மூன்றாவது டிரம்தான் பெரியது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, எல்லா மூட்டைகளையும் அதில் கவிழ்த்தார்.

"பித்தளைக்கு எலுமிச்சை உப்பு எந்த மூலைக்கு?" என்று மடியிலிருந்து ஒரு தேங்காயளவு புளியை எடுத்து உள்ளே போட்டார்.

"வேண்டாம் பெருமாளு."

"பதினேழு வருசமா அது என் நெஞ்சுல கெடக்கு, சவரி. போயித் தொலையட்டும்."

டிரம் சுழன்றது. மைதானத்திலிருந்து குண்டுகள் வரிசையாக வந்து அடைந்தன. கடைசியில் சவரிராயனின் சட்டைப் பித்தான் தானாகக் கழன்றது. குண்டு வெளியே வந்தது, டிரம்மைச் சுற்றித் தன் தோட்டாவைத் தேடிக் கண்டுபிடித்து அமர்ந்தது. தோளில் தழும்புகூட இல்லை. சவரிராயன் வாய்விட்டு அழுதார்.

அழுகை ஓய்வதற்குள் அவருக்குப் பசி எடுத்தது. பதினேழு வருடத்துப் பசி. குண்டு தோட்டாவுக்குத் திரும்பினால், அந்தக் குண்டினால் தின்ற சோறும் வாளிக்குத் திரும்பத்தானே செய்யும். கிடங்கு வாசலிலிருந்து மைதானத்தின் கடைசிவரை தூக்குவாளிகள் நின்றன, எல்லாவற்றிலும் ஆவி பறந்தது. பெருமாள்சாமி முதல் வாளியைத் திறந்தார். சாம்பார் சாதம், அடிப்பிடித்த வாசனை.

"மொத நாள் நானே பொங்குனது. உப்பு கூடிப்போச்சு."

"அன்னைக்கும் அதைத்தான் சொன்ன" என்றார் சவரிராயன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"ஒண்ணையும் வீணாக்கப்படாது. ஒரு நாளைக்கு ஒரு வாளிதான் முடியும். உக்காரு."

உட்கார்ந்தார்.

"அப்ப எந்த டிரம்முங்க?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"சாப்பிட்டு முடிச்சதும் சொல்லுதேன்."

சென்னியப்பன் வாளிகளின் வரிசையை ஒரு முறை பார்த்தார்.

"சரிங்க" என்று சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு, டிரம் நிழலில் காத்திருக்க உட்கார்ந்தார்.