வெறும் வயிறு

ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் ஏற வேண்டிய அளவில் பாதிகூட ஏறவில்லை என்று டாக்டர் தேவயானி சொன்னதும் பெனடிக்ட் நிம்மதியாக மூச்சு விட்டான். குறை இன்னதென்று தெரிந்துவிட்டது, இனி ஊசி போட்டால் பிள்ளை வளர்ந்துவிடும் என்பது அவன் எண்ணம். அவன் மனைவி சோபியாவுக்கோ தினம் ஒரு ஊசி, அதுவும் வருடக்கணக்கில் என்பதே கண்முன் நின்றது.

ஒன்பது வயது சுபா, நாற்காலியில் கால் தரையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். ஏலாக்குறிச்சிப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘பட்டன்’. போன வாரம் இதே பெரம்பலூர் மருத்துவமனையில் ஒரு மாத்திரையைக் கொடுத்துப் படுக்கவைத்து, அரைமணிக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்தார்கள். மாத்திரை வேகத்தில் பிள்ளை துணி மாதிரித் துவண்டு கிடந்தாள்.

“இத மட்டும் வச்சு ஊசி ஆரம்பிக்க மாட்டேன்,” என்றார் டாக்டர். “நல்லா இருக்கிற பிள்ளையையே சில நேரம் இந்த டெஸ்ட் குறைன்னு காட்டிடும். வேற மருந்து குடுத்து இன்னொரு தடவ பாக்கணும்.”

“மறுபடியும் குத்தணுமா?” பெனடிக்டின் குரல் தடித்தது. “நேரா ஊசியவே ஆரம்பிச்சிடுங்க மேடம்.”

டாக்டர் சோபியாவைப் பார்த்தார். “அன்னிக்கு வெறும் வயித்துலதானே கூட்டிட்டு வந்தீங்க?”

“ஒரு பருக்கை உள்ள போவல மேடம்.”

“பஸ்சுல கருப்பட்டித் தண்ணி குடுத்தியேம்மா,” என்றாள் சுபா.

“அது சாப்பாடா? ஒருசந்திக்கே குடிக்கிறதுதானே.”

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் வீட்டில் கருப்பட்டித் தண்ணீரைக் குடித்துத்தான் மதியம்வரை ஒருசந்தி நோன்பை ஓட்டுவார்கள். வெறும் வயிறு என்று நர்ஸ் சொன்னபோது சோபியாவுக்கு நினைவில் வந்தது அந்த வெள்ளிக்கிழமைகள்தான்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இனிப்பு உள்ளே போனால் அந்த ஹார்மோன் அமுங்கிவிடும் என்றார். பிள்ளைக்கு உண்மையிலேயே குறையா, கருப்பட்டி செய்த வேலையா என்று இனிச் சொல்ல முடியாது.

“டிகிரி படிச்சிருக்கியாம்,” என்று பெனடிக்ட் மனைவி பக்கம் திரும்பினான்.

“அவங்களச் சொல்லாதீங்க. சாப்டீங்களான்னுதான் நாங்க கேட்டோம். குடிச்சீங்களான்னு கேக்கல.” டாக்டர் நர்ஸ் சசிகலாவைக் கூப்பிட்டார். “இனிமே முந்தின ராத்திரியிலேருந்து வாயில என்னென்ன போச்சுன்னு கேளுங்க. பிள்ளைகிட்டயும் கேளுங்க.”

“நம்ம பக்கம் டீயக்கூட யாரும் சாப்பாட்டுல சேக்க மாட்டாங்களே மேடம்,” என்றாள் சசிகலா.

டாக்டர் தணிந்த குரலில், “ஏற்கெனவே ஊசி போட்டுக்கிட்டிருக்கிற பிள்ளைங்களையும் ஒவ்வொருத்தரா வரச் சொல்லுங்க. அவங்களும் டெஸ்டுக்கு முன்னாடி எதாவது குடிச்சிருக்கலாம்,” என்றார்.

தவறு தன்னுடையது மட்டுமில்லை என்று சோபியாவுக்குப் புரிந்தது. அதனால் மனம் ஆறவில்லை. முகம் தெரியாத அந்தப் பிள்ளைகளின் பாரமும் சேர்ந்துகொண்டது.

பஸ் நிலையத்தில் சுபா அம்மாவிடம் கேட்டாள். “நான் சொல்லாம இருந்திருந்தா மறுபடி குத்த மாட்டாங்கல்ல?”

“குத்துவாங்கதான். நானும் மறுபடி கருப்பட்டித் தண்ணி குடுத்திருப்பேன், அதுவும் தப்பாவே காட்டியிருக்கும். அப்புறம் வேண்டாத ஊசிய தினமும் போட்டிருப்போமோ என்னவோ.”

“ஊசி வேணும்னு வந்துட்டா?”

“தெரியல பாப்பா. அது தெரியத்தான் மறுபடி வரணும்.”

சுபா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அரியலூர் பஸ் வந்ததும், தூக்கி ஏற்றப் போன அப்பாவின் கையைத் தட்டிவிட்டாள். பின்னால் கூட்டம் காத்து நிற்க, படியில் கையூன்றி ஏறினாள். முன்னாலேயே ஏறிவிட்ட சோபியா பக்கத்தில் இடம் வைத்திருந்தும் இரண்டு இருக்கை தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.