வசம்புச் சாறும் கொழுத்த செல்களும்

மதியம் மூன்று செப்பலினாய் உருண்டைகளை, மேலே பன்றிக் கொழுப்பும் புளித்த பாலேடும் வழிய வழிய, ரிம்கௌதாஸ் உள்ளே தள்ளியிருந்தார். ஒவ்வொரு உருளைக்கிழங்கு உருண்டையும் முஷ்டி அளவு. கௌனஸ் நகரத்தில் ஐம்பது தாண்டிய புத்திசாலிகள் இரண்டோடு எழுந்துவிடுவார்கள். ரிம்கௌதாஸ் எழவில்லை. ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பும்போது வயிறு கல்லாகக் கனத்தது.

அங்கே அவருக்குப் புற்றுநோய் செல்களை வளர்க்கிற வேலை. வேளாவேளைக்கு ஊட்டம் மாற்றி, இதமான சூட்டில் வைத்து, கைக்குழந்தைகளைப் போலப் பார்த்துக்கொள்வார். அவர் வளர்த்ததைக் கொல்ல வழி தேடுவது பக்கத்து அறைப் பெண்மணி ஸ்கிர்மன்தேயின் வேலை. ஏரிக்கரை வசம்பைச் சாராயத்தில் ஊறவைத்துச் சாறு இறக்கி, அதைச் செல்கள்மேல் விட்டுப் பார்ப்பார். எப்போதும் பாதிச் செல்கள் சாகும், பாதி பிழைத்துக்கொள்ளும்.

வயிற்று மந்தத்துக்கு வசம்புச் சாராயம் கண்கண்ட மருந்து என்பது லிதுவேனியாவில் எல்லோருக்கும் தெரியும். ஸ்கிர்மன்தேயின் ஃபிரிட்ஜில் பழுப்பு பாட்டில் நிறைய அது இருந்தது. அறையில் ஆளில்லை.

"ஒரே ஒரு வாய்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குடித்தார் ரிம்கௌதாஸ். நெஞ்சு குளிர்ந்தது. இரண்டாவது வாய் முதல் வாய்க்குத் துணையாகப் போனது. நிமிர்ந்து பார்த்தபோது பாட்டிலில் அடிமண்டிதான் மிச்சம்.

நல்லவேளை, மச்சான் கொடுத்த வீட்டு வசம்புச் சாராயம் காரில் கிடந்தது. ஓடிப்போய் எடுத்து வந்து பாட்டிலை நிரப்பினார். வசம்பு வசம்புதானே! மச்சான் அதில் தாராளமாகத் தேன் கலப்பார் என்பது வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் ஸ்கிர்மன்தே அந்தச் சாற்றைக் கருவியில் ஏற்றிச் சாராயத்தை ஆவியாக்கினார். வழக்கமாகப் பொடியாக வறளும். அன்றைக்கு நுரை பொங்கி, குழாய் வழியாக ஏறி, மேஜையெல்லாம் வழிந்தது.

"ஏய் ரிம்கௌதாஸ், இங்க வந்து பாரு! என்னது இது, பாகு மாதிரி இழுக்குது? தேன் வாசன வேற அடிக்குது."

"வசம்புக்கு லேசா இனிப்பு வாசன உண்டே," என்றார் அவர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

விடுவாரா ஸ்கிர்மன்தே? மிஞ்சிய பாகை வழித்துக் கரைத்துச் செல்கள்மேல் விட்டார். இரண்டு நாள் கழித்து நுண்ணோக்கியில் குனிந்தவர் நிமிரவே இல்லை. ஒரு செல்லுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இடம் போதாமல் நெருக்கியடித்துக்கொண்டு பெருகியிருந்தன.

"எல்லாம் கல்யாண வீட்டு மாப்பிள்ள மாதிரி கொழுத்துப்போய்க் கெடக்குதுய்யா! நீ என்னத்த ஊட்டி வளக்குற?"

"என் செல்லுங்கள ஒண்ணும் சொல்லாத. அதுங்க நல்ல செல்லுங்க."

"புத்துநோய் செல்லுல என்னய்யா நல்ல செல்லு?" என்று கத்திய ஸ்கிர்மன்தே, திடீரென்று நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "இத்தன வருஷம் ஏரிச் சேத்துல எறங்குனது வீணாப்போச்சு. நம்ம ஆய்வுக்கூடத் தலைவர்கிட்ட போய் வசம்பு வேலைக்காவாது, விட்டுரலாம்னு சொல்லிடறேன்."

எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டார். ரிம்கௌதாஸ் குறுக்கே போய் நின்றார்.

"தாயே, போகாத. அது உன் சாறு இல்ல. எங்க மச்சானோடது."

"அப்ப என்னோடது எங்க?"

அவர் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

ஸ்கிர்மன்தே அந்த வயிற்றை உற்றுப் பார்த்தார். "எவ்வளவு குடிச்ச?"

"முழுசும்."

"ருசி?"

"சத்தியமா மச்சான் போடுறதவிட நல்லா இருந்துச்சு."

கையுறைப் பெட்டி பறந்து வந்து ரிம்கௌதாஸின் காதில் பட்டது. சிரிப்பை அடக்க முடியாமல்தான் ஸ்கிர்மன்தே எறிந்தார் என்பது அடுத்த பெட்டி வந்தபோது தெரிந்தது.

தண்டனையும் உடனே வந்தது. இருந்த வசம்புக் கிழங்கு தீர்ந்துவிட்டதால், புதுக் கிழங்கை ரிம்கௌதாஸ்தான் தோண்டித் தரவேண்டும். அக்டோபர் குளிரில், பல் கிட்டிக்க, இடுப்பளவுச் சேற்றில் இறங்கினார். கிழங்கைப் பிடித்து இழுத்தால் ரப்பர் பூட்ஸ் கழன்று சேற்றோடு போனது. போதாக்குறைக்கு நாணலுக்குள்ளிருந்து அன்னம் ஒன்று சீறிக்கொண்டு வந்து பின்பக்கத்தைக் கொத்தியது.

"ஓடாதய்யா! கெழங்க விட்டுறாத!" என்று கரையிலிருந்து தைரியம் சொன்னார் ஸ்கிர்மன்தே.

கிழங்கு வந்து, சாறு இறங்கி, ஒழுங்காகப் பொடியாகவும் வறண்டது. செல்கள்மேல் விட்டு, இரண்டு நாள் கழித்து இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

"செத்துட்டாங்க!" என்று ஸ்கிர்மன்தே துள்ளிக் குதித்து ரிம்கௌதாஸைக் கட்டிக்கொண்டார். "செத்துட்டாங்கய்யா!"

நடையைத் துடைத்துக்கொண்டிருந்த அல்தோனா பதறிப்போய் உள்ளே எட்டிப் பார்த்தார். "ஐயோ, யாரு? மொத்தப் பேருமா?"

"பாதிப் பேருதான்," என்றார் ரிம்கௌதாஸ், பல்லெல்லாம் தெரிய.

அல்தோனா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டு கதவை மெதுவாகச் சாத்தினார்.